எல்லாக் கட்டத்திலும் நாலு

அஞ்சுமணி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது நான்தான். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல். மருந்துக் கிடங்கில் அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டதும் பையைத் தோளில் மாட்டி, காதில் ஹெட்போனைச் செருகி, "வரேன் சித்தப்பா" என்று படியிறங்கிப் போய்விட்டாள். என் வண்டியில் பாதிச் சரக்குகூட ஏறவில்லை. "அதோ போகுது பாருங்க அஞ்சுமணி" என்று சுமையாட்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். மறுநாள் மேனேஜர் வாயிலும் அந்தப் பெயர் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை.

நான் அந்தக் கிடங்கின் வேன் டிரைவர். பத்தொன்பது வருஷம். அவளுடைய அப்பா அங்கே சூப்பர்வைசர், இருபத்தாறு வருஷம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் இருமினால் என் வீட்டில் கேட்கும். என் வீட்டில் தட்டு விழுந்தால் "என்ன ஆச்சு" என்று அண்ணி அங்கிருந்து குரல் கொடுப்பாள். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவன் ஒருவன் இருந்திருந்தால்கூட அவ்வளவு மரியாதை கொடுத்திருப்பேனா தெரியாது. வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டவர் அவர்தான்.

கிடங்கு என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. மாத்திரையும் டானிக்கும் கட்டுத்துணியும் இரும்பு அலமாரிகளில் கூரை வரை நிற்கும். மூலையில் குளிர் அறை. இரண்டு கட்டில் போடுகிற அளவுதான். அரை அடி கனத்தில் கதவு. குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பூசி மருந்து முழுக்க அதற்குள் இருக்கும். இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. கதவுக்கு மேலே சிவப்பாக எண் எரியும். பக்கத்தில் ஆணியில் ஓர் அட்டை தொங்கும், ஒரு நாளைக்கு ஆறு கட்டம். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே எரிகிற எண்ணைப் பார்த்துக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது சட்டம்.

வழக்கம் வேறு. காலையில் அண்ணன் வந்ததும் அன்றைய ஆறு கட்டத்தையும் நிரப்பிவிடுவார். நாலு, நாலு, நாலரை, நாலு. மதியத்துக்கு மட்டும் ஐந்து, வெயில் ஏறியிருக்கும் இல்லையா. அதிலும் ஒரு நேர்த்தி இருந்தது. ஒரே பேனாவில் எழுதினால் ஒரே மூச்சில் எழுதியது தெரிந்துவிடும் என்று சட்டைப்பையில் நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று வைத்திருப்பார். சாயங்காலக் கட்டத்தில் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், களைத்த கை எழுதியது மாதிரி. குளிர் அறைப் பொறுப்பு மகளுக்கு வந்ததும் அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுதான். எண் அவருடையது, கையெழுத்து அவளுடையது. நல்ல அப்பா, நல்ல பாடம்.

அவளுக்கு இது மூன்றாவது வேலை. படித்த பெண். துணிக்கடையில் ஆறு மாசம் இருந்தாள், ஒரு கம்பெனியில் போனில் புகார் கேட்கிற வேலையில் நாலு மாசம். இரண்டையும் தானே விட்டாள். ஏன் விட்டாய் என்றால் திருப்தி இல்லை என்பாள். அண்ணனுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். திருப்தியைச் சாப்பாட்டில் பார்க்க வேண்டும், வேலையில் என்ன திருப்தி என்று சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிற அளவுக்குக் கத்துவார். நானும் இந்தப் பக்கம் தலையாட்டிக்கொள்வேன்.

சும்மா சொல்லக் கூடாது, அவளிடமும் கோளாறு உண்டு. ஒன்பது என்றால் ஒன்பதேகாலுக்கு வருவாள். போன் கையைவிட்டு இறங்காது. ஒருநாள் மனசு சரியில்லை என்று லீவு கேட்டாள்; உடம்பு சரியில்லை என்றாலே லீவு தராத மேனேஜர் அதைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். பெட்டி கட்டுகிற மேசையில் இருக்கும் பெண்களுக்கு உட்கார முக்காலி வேண்டும் என்று முதல் மாசமே எழுதிக் கொடுத்தாள். பதினைந்து வருஷமாக நின்றுகொண்டே கட்டியவர்கள் அவர்கள். நாங்களும் பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வந்து கால் ஊன்றவில்லை, அதற்குள் உரிமை பேசுகிறாள் என்று நானும் சேர்ந்து கிண்டல் செய்தேன். முக்காலி வந்தது. உட்கார்ந்தார்கள். யாரும் அவளுக்கு நன்றி சொன்னதாக நினைவில்லை.

இரண்டாவது மாசம் அவள் இன்னொரு காரியம் செய்தாள். மேலே ஒன்பது எரிந்தால் கட்டத்தில் ஒன்பது என்று எழுத ஆரம்பித்தாள். கதவின் ரப்பர் ஓரம் கிழிந்து குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது. அது எங்களுக்கெல்லாம் தெரியும். அப்பா வருவதற்குள் அட்டையை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வதற்காகவே அந்த நாட்களில் எட்டு மணிக்கு முன்பே வந்தாள், ஆறு மணிக் கட்டத்தை எழுதிவிட்டுத்தான் போனாள். ஒன்பதேகால் பெண் எட்டுக்கு வந்தாள் என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தால் கிண்டல் செய்ய இன்னொரு விஷயம் கிடைத்திருக்கும்.

பன்னிரண்டு நாள் அப்படி எழுதினாள். மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டு, உன் மகளுக்கு எண் தெரியாதா என்று கேட்டார். மாசா மாசம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அட்டைகளைப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் வருகிற நாள் நெருங்கியிருந்தது. அண்ணன் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, புது அட்டையில் பன்னிரண்டு நாளுக்கும் நாலு எழுதினார். மகளைக் கூப்பிட்டு, எழுபத்திரண்டு கட்டத்திலும் கையெழுத்து வாங்கினார்.

"அட்டை படிக்கிறதுக்கு இல்ல பாப்பா. மாட்டறதுக்கு."

அன்று சாயங்காலம் சுவர் வழியாக அவள் கேட்டது என் காதில் விழுந்தது. "அப்ப நான் எதுக்குப்பா அங்க?" மறுநாளிலிருந்து மறுபடியும் ஒன்பதேகால். வந்ததும் ஆறு கட்டத்துக்கும் ஒரே தடவையில் கையெழுத்து, பிறகு ஹெட்போன், ஐந்துக்குப் பை. இப்போதுதான் வழிக்கு வந்தாள் என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

அந்த வருஷ வெயில் கொஞ்சநஞ்சமில்லை. தகரத்துக்குக் கீழே நின்றால் மண்டை வெந்துவிடும். பெண்கள் ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெட்டி கட்டினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போய் உடனே வந்தது. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. குளிர் அறை இயந்திரம் மட்டும் திரும்ப ஓடவில்லை. சூடு ஏறினால் அலற வேண்டிய மணி ஒன்று உண்டு. கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தாலே அது கத்தித் தொலைக்கிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன் மேனேஜர் அலுத்துக்கொள்ள, அண்ணன்தான் அதன் ஒயரைப் பிடுங்கி விட்டிருந்தார். ஆகையால் யாருக்கும் தெரியாது. பகல் முழுக்க அந்தக் கதவைத் தாண்டிப் போய் வந்தோம். ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. அவளும் நிமிர்த்தவில்லை.

புதன்கிழமை காலை எட்டரைக்குச் சுமையாள் ஒருவன் உள்ளே போய், போன வேகத்தில் வெளியே வந்தான். "என்னண்ணே, உள்ள அடுப்பு மாதிரி இருக்கு?" ஓடிப்போய்ப் பார்த்தோம். கதவுக்கு மேலே முப்பத்தொன்று எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே புதன்கிழமைக் கட்டங்களை அண்ணன் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார். எல்லாம் நாலு. மதியத்துக்கு ஐந்து.

எலக்ட்ரீஷியன் வந்து பத்து மணிக்கு ஓட்டிவிட்டான். பன்னிரண்டுக்கு எண் ஆறுக்கு இறங்கியது. இறங்கிவிட்டது இல்லையா, ஏற்று என்றார் மேனேஜர். ஏழு இடத்துக்கு நாற்பத்திரண்டு பெட்டி. அட்டைப் பெட்டிகள் வேர்த்து ஊறி மெத்தென்று இருந்தன. வாங்குகிற இடத்தில் கேள்வி கேட்பார்களே என்று வண்டி துடைக்கிற துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து ஏற்றினேன். ஆம், நான்தான். அவள் மட்டும் ஹெட்போனைக் கழற்றி, இதை அனுப்பலாமா என்று அப்பாவிடம் கேட்டாள். மேனேஜர் சொல்லிவிட்டார் என்றார் அண்ணன். அவள் தன் மேசைக்குப் போனாள்.

அந்த மருந்து சூடு பட்டால் விஷமாகிவிடாது. ஆகிவிட்டால்கூட நல்லது, அன்றைக்கே பிடிபட்டுவிடும். அது வெறும் தண்ணீராகிவிடும். குழந்தைக்குக் குத்துவார்கள், குழந்தை அழும், அம்மா சமாதானம் செய்வாள், சீட்டில் தேதி போட்டுக் கொடுப்பார்கள். நோய் வருவதென்றால் மூன்று வருஷம் கழித்து வரும். அப்போது யார் எங்கள் கிடங்கைத் தேடி வந்து கேட்கப் போகிறார்கள்? அதுதான் அதில் உள்ள வசதி. இருபத்தாறு வருஷமும் பத்தொன்பது வருஷமும் நாங்கள் நிம்மதியாகத் தூங்கியது அந்த வசதியில்தான்.

வியாழக்கிழமை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கி வைப்பவர் ஒரு பெட்டியைப் பிரித்தார். புட்டியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் உண்டு, சூடு பட்டால் கறுத்துவிடும். கறுத்திருந்தது. நேரே எங்கள் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டுவிட்டார். மற்ற ஆறு இடத்தில் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கேயும் ஆணியில் அட்டை தொங்குகிறது, அங்கேயும் நாலு எழுத ஆட்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை விசாரணை என்று தகவல் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். ஒரே கூடம், மடக்கு மேசை, தலைக்கு மேலே கிறீச்சிடும் விசிறி. அடுப்படிக்குக் கதவு கிடையாது. அண்ணி சோறு வடிக்க உலை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேசைமேல், விசாரணையில் கொடுக்கச் சொல்லி மேனேஜர் டைப் அடித்து அனுப்பிய ஒரு தாள். மகள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னால் அவள் கேட்பாள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார் என்பது புரிந்தது.

தாளில் இருந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டியை மட்டும் குளிர் அறைக்குள் வைக்காமல் மேசைமேலேயே விட்டுவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டேன். அட்டையிலும் பார்க்காமலே எழுதினேன். முழுக்க என் கவனக்குறைவு. மற்ற பெட்டிகளுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை. கீழே கையெழுத்துக்குக் கோடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மேனேஜர் நாற்பத்தோரு பூசணிக்காயை ஒரு தாளில் மறைத்திருந்தார்.

"பாக்காம போட்டது நான்தான்பா," என்றாள். "அதுக்கு எழுதித் தரேன். வேலைய விட்டு எடுக்கட்டும். ஒரு பெட்டின்னு எதுக்கு எழுதணும்?"

"அப்படி எழுதினாத்தான் அதோட முடியும்."

"மத்த நாப்பத்தொண்ணு?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நான் பாக்காத மருந்தா?"

பிறகு அவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். அவளுக்கு இருபத்துநாலு வயது. இந்த வேலை போனால் இன்னொன்று, அவளே இரண்டை உதறியவள். அவருக்கு ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி. இப்போது வெளியே போனால் வெறுங்கையோடு போக வேண்டும். அண்ணியும் நறுக்குவதை நிறுத்தாமல், அப்பா சொல்வதைக் கேள், குடும்பத்துக்கு ஒன்று என்றால் நீதான் தாங்க வேண்டும் என்றாள்.

என் முறை வந்தது. நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஒரு கையெழுத்துதானேம்மா. எட்டு மாசமா போட்டதுதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"சித்தப்பா, உங்க அட்டையிலயும் நாலுதானா?" என்றாள்.

அண்ணனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மேசையை ஓங்கித் தட்டினார். "நான் எழுதாதவன்னு நெனச்சியா? இந்த மெஷின் வேண்டாம், புதுசு போடுங்கன்னு பதினோரு லெட்டர் எழுதினேன். நீ அப்ப பொறக்கல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாசம் அப்ப இருந்த மேனேஜர் என்னக் கீழ லோடு ஏத்த விட்டான். பன்னெண்டாவது எழுதியிருந்தா நீ படிச்சிருக்க மாட்டே. படிச்சுட்டு வந்து எனக்குப் பொறுப்பு சொல்லிக் குடுக்கறியா?"

அவர் லெட்டர் எழுதிய கதை எனக்கே அன்றுதான் தெரியும். அவள் முகம் கொஞ்சம் இளகியது. இன்னும் ஐந்து நிமிஷம் அப்படியே போயிருந்தால் அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குள் போன் அடித்தது. கல்யாணம் ஆகி வேறு ஊரில் இருக்கிற பெரிய மகள். அண்ணிக்குக் கையெல்லாம் வெங்காயம், அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். வழக்கமான பேச்சுத்தான். பேத்திக்கு வியாழக்கிழமை தடுப்பூசி போடுகிற நாளாச்சே, காய்ச்சல் அடித்ததா என்று கேட்டாள் அண்ணி.

"போடலையேம்மா. புதன்கிழமை அப்பாதான் போன் பண்ணி, இந்த மாசம் எங்கயும் போட வேண்டாம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு சொன்னாரு. ஏன், உன்கிட்ட சொல்லலையா?"

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. அண்ணி போனை அணைத்துவிட்டு, பானையைத் துணியால் பிடித்து இறக்கி, நேரே மேசைக்குக் கொண்டுவந்து அந்தத் தாளின் மேல் வைத்தாள். கையெழுத்துக் கோடு இருந்த இடத்தில் கஞ்சி பரவியது.

"நம்ம பேத்திக்கு ஆகாதது, அடுத்தவ பெத்ததுக்கு ஆகுமா?"

"நீ சும்மா இரு," என்றார் அண்ணன்.

"முப்பது வருஷமா சும்மாதான் இருக்கேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைக் கேட்டிருக்கிறேன். பழியை மகள் தலையிலும் பாவத்தை ஊர்க் குழந்தைகள் தலையிலும் பங்கு வைத்துவிட்டு, தன் பேத்தியை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்ட மனுஷனை அன்றுதான் பார்த்தேன். அதைவிட எரிச்சல் எது தெரியுமா? எனக்குப் பேரக் குழந்தை இருந்திருந்தால் நானும் அந்த போனைப் போட்டிருப்பேன் என்பதுதான்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "சித்தப்பா, புதன்கிழமை ட்ரிப் ஷீட் உங்ககிட்டதான இருக்கு?" என்றாள்.

ஏழு இடத்தின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கும். கொடுத்தால் என் வேலையும் போகும். வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். நல்லவனாகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கூடத்தில் வெறுங்கையோடு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். அண்ணன் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் அந்த மேசையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகப் பேசினாள். புதன்கிழமை வந்த பெட்டி சூட்டில் கெட்டது, யாருக்கும் போடாதீர்கள். இல்லை, மேனேஜர் இல்லை. அட்டையில் கையெழுத்துப் போட்டவள். ஒருவர் போனை வைத்துவிட்டார். இன்னொருவர், உன் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தால்தான் நிறுத்த முடியும் என்றார். பெட்டியைப் பிரித்து ஸ்டிக்கரைப் பாருங்கள் என்று மூன்று தடவை சொல்லி, அவர் பார்த்துவிட்டு வருகிறவரை லைனிலேயே இருந்தாள். அன்று நாலு இடம், மறுநாள் காலை மூன்று. ஆறு இடத்தில் இன்னும் போட ஆரம்பிக்கவில்லை. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மட்டும் வியாழக்கிழமையே முப்பத்தொரு குழந்தைக்குப் போட்டுவிட்டார்கள். அங்கே டாக்டர் மழுப்பினார். ஊசி போட்ட நர்ஸ் பிறகு தானே கூப்பிட்டு, பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு வீட்டு விலாசமாகச் சொன்னாள். குரலைக் கேட்டால் அவளுக்கும் இவள் வயதுதான் இருக்கும்.

பத்து மணிக்கு விசாரணை. மேனேஜர் அறையில் தலைமை அலுவலகத்துக்காரர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். மாசா மாசம் வந்து அட்டைக்குக் கீழே கையெழுத்துப் போடுகிற அதே ஆள். அண்ணன் சுவரோரம் நின்றார். என்னை வாசலில் நிற்க வைத்தார்கள். தலைமை அலுவலகத்துக்காரர் முதலில் ஒரு பிரசங்கம் செய்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் உட்கார்ந்த இடத்தில் வேண்டும், உரிமை தெரிகிறது, பொறுப்பு தெரியவில்லை, ஒரு வேலையில் ஒரு வருஷம் நிற்பதில்லை. நான் எத்தனையோ தடவை சொன்னதுதான். அடுத்தவன் வாயிலிருந்து வரும்போதுதான் அது எவ்வளவு நாற்றம் என்று தெரிந்தது. பிறகு அட்டையையும் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துப்பறிந்த பெருமையோடு கேட்டார், அஞ்சு மணிக்குப் போனவள் ஆறு மணிக் கட்டத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று.

"காலைலயே போட்டுட்டேன் சார். பாக்காம போட்டது என் தப்பு. எட்டு மாசமா தினமும் அப்படித்தான். எட்டு மாசமும் அதுக்குக் கீழ இருக்கிறது உங்க கையெழுத்து."

மேனேஜர் கடிதத்தைக் கேட்டார். அவள் தன் கையால் எழுதிய இரண்டு பக்கத்தை நீட்டினாள். ஒரு பெட்டி இல்லை, நாற்பத்திரண்டும் என்றாள். ஏழு இடத்துக்கும் சொல்லிவிட்டேன் என்றாள். தலைமை அலுவலகத்துக்காரர் எழுந்துவிட்டார். "அவங்ககிட்ட பேச உனக்கு யார் உரிமை குடுத்தா?"

எப்படி இருக்கிறது பாருங்கள். உட்கார முக்காலி கேட்டபோது பொறுப்பு எங்கே என்று கேட்டார்கள். பொறுப்பை எடுத்து மேசைமேல் வைத்தால் உரிமை எங்கே என்று கேட்கிறார்கள். இரண்டில் எது அவளிடம் இருந்தாலும் இவர்களுக்கு ஆகாது. தலைமை அலுவலகத்துக்காரர் அண்ணன் பக்கம் திரும்பி, இயந்திரம் நின்றது உங்களுக்குத் தெரியுமா, கட்டத்தில் எண் எழுதியது யார் என்று கேட்டார்.

அண்ணன் மகளைப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் நீலமும் கறுப்பும் குத்தியிருந்தன.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். அவ எழுதினதுதான்."

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். நான் வாசலிலிருந்து உள்ளே போய், பெட்டி நனைந்திருந்ததையும் நான் துடைத்ததையும் மேனேஜர் ஏற்றச் சொன்னதையும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். என்னை விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள். வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அந்த முப்பத்தொரு வீட்டுக்கும் யார் சொல்வது என்று அவள் கேட்டதற்கு, அதைக் கம்பெனி ஆலோசிக்கும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தோம். அண்ணி சோறு போட்டாள், முட்டை பொரித்து வைத்தாள். அவள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு விலாசங்கள் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் சொல்லாமலே நானும் செருப்பை மாட்டினேன். பஸ் பிடித்து, இறங்கி, கொளுத்துகிற வெயிலில் வீட்டு எண் தேடி நடந்தோம். தெருவில் நிழல் என்று பேருக்குக்கூட இல்லை. மூன்றாவது மாடி. படி ஏறும்போது, என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். நடந்ததைத்தான் என்றாள்.

கதவைப் பாதி திறந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, தொடையில் ஊசி போட்ட இடத்தில் இன்னும் சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது. இவள் வணக்கம் சொல்லி, வியாழக்கிழமை போட்ட ஊசி மருந்து எங்கள் கிடங்கில் கெட்டுப்போனது, அதனால் ஆபத்து இல்லை, ஆனால் போட்டும் போடாத மாதிரிதான், டாக்டரைப் பார்த்து மறுபடி போட வேண்டும், அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான் என்று எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயே சின்னப் பொண்ணா இருக்க. இதச் சொல்ல உங்க எடத்துல பெரியவங்க யாரும் வரலையா?"

ஐம்பத்துமூன்று வயது ஆள் நான், ஒரு படி கீழே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் படியையும் ஏறி அண்ணன் மகளுக்கு முன்னால் போய் நின்றேன். "வந்திருக்கேம்மா," என்றேன். "பெட்டி கெட்டிருக்குன்னு தெரிஞ்சும் ஏத்திட்டு வந்தவன் நான்தான்."

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கதவை முழுசாகத் திறந்தாள். உள்ளே கூப்பிட இல்லை, நிறுத்தி வைத்துத் திட்டத்தான். பக்கத்து வீட்டுக் கதவுகளும் திறந்தன. ஒரு வார்த்தைகூட விடாமல் வாங்கிக்கொண்டோம். அது முதல் வீடு. இன்னும் முப்பது வீடு இருந்தது.